ஸ்டெல்லா கேட்ட கையெழுத்து

ஸ்டெல்லா என்கிற பெயரை நான் முதலில் கேட்டது ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஆகஸ்ட் மாதம், தெலுங்கு நாட்டு மெட்டுகுடாவில் எங்கள் தமிழ்ச் சபைக் கோயில். பிள்ளைக்குத் தகப்பன் ஞானசிகாமணி என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர், ரயில்வேயில் ஃபிட்டர். தாய் அன்னபாக்கியம் எனக்கு ஓரகத்தி. "இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று ஐயர் கேட்டார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். தகப்பன் தன் தாயார் பெயரைச் சொன்னார்: "ஞானசவுந்தரி." பின்னால் நின்ற அன்னபாக்கியம், பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகாதவள், "ஸ்டெல்லா" என்றாள். லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவள் கட்டிலை விட்டு நகராமல் நின்ற மலையாளத்து நர்ஸின் பெயர் அது. ஐயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் அள்ளிய தண்ணீர் விரல் வழியே ஒழுகியது. "பெத்தது யாரு ஐயரே?" என்று அன்னபாக்கியம் கேட்டாள். ஐயர் ஸ்டெல்லா என்று சொல்லி ஊற்றிவிட்டார். எங்கள் மாமியார் ஆறு மாதம் அந்தப் பிள்ளையைக் கையால் தொடவில்லை.

ஸ்டெல்லா வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், இரண்டாம் பாஷை தெலுங்கு, தெருவில் உருது கலந்த இந்தி, வீட்டில் எங்கள் ஊர்த் தமிழ். தமிழில் பேசுவாள், பாடுவாள், சண்டை போடுவாள். எழுத்து மட்டும் தெரியாது. இந்த ஊரில் பிறந்த எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளதுதான் அது. யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. கோயிலில் பாட்டு எண்ணைச் சொன்னதும் பாட்டுப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். எண் பார்க்கத் தெரியும், மற்றது மனப்பாடம். மனப்பாடம் இல்லாத அடிக்கு உதடு மட்டும் அசையும். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் பக்கத்தில் நிற்கிறவர் வாசிக்கிறாரா, அசைக்கிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது தகப்பன் தவறிப்போனார். ஸ்டெல்லா படிப்பை விட்டுவிட்டு பேகம்பேட்டில், பழைய ஏர்போர்ட் பக்கம், ஒரு டிக்கெட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே டெல்லி டிக்கெட் எடுக்க வந்துபோன சுதர்சனைத்தான் கட்டினாள். சுதர்சன் கும்பகோணத்துக்காரர், குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உத்தியோகம், நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவர். "அந்தப் பையனை நம்ம வேதத்துக்கு வரச் சொல்லு, கோயில்ல வச்சு ஜாம்ஜாம்னு முடிச்சிருவோம்" என்று குடும்பமே சொன்னது. "அவரு என்னைய மாறச் சொல்லலையே. நான் மட்டும் ஏன் சொல்லணும்?" என்று கேட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்தது. அன்னபாக்கியம் இரண்டு வருடம் பேசவில்லை. பேத்தி ஹம்ஸினி பிறந்த பிறகுதான் பேசினாள்.

ஏர்போர்ட் சம்சாபாத்துக்குப் போனதும் அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டெல்லா எங்கள் பெண்கள் சங்கத்தோடு வெள்ளிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்கு ஜெபிக்க ஆரம்பித்தாள். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருவாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். முழுக்கத் தெலுங்கு எழுத்து. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது நம் தமிழ்ப் பாட்டு.

"என்னளா இது?" என்றேன்.

"ஹவ் பெரியம்மா, தெலுங்குதான். அவரு தமிழ்ல வாசிப்பாரு, நான் தெலுங்கு எழுத்துல எழுதிக்குவேன்."

ஹவ் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம். விபூதி பூசினவர் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க, இவள் எதிரே உட்கார்ந்து எழுதுவாள். அப்படி நோட்டு நோட்டாகச் சேர்ந்திருந்தது.

பிறகு அந்தக் கொரோனா வருடம். இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். எங்கள் ஐயரே ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு வேதமாணிக்கம் செத்துப்போனார். பிள்ளைகள் கனடாவில். அடக்கம் செய்ய வேறு சபை ஐயர்மார் ஒருவரும் வரவில்லை, வரவும் முடியாது. வேதமாணிக்கத்தின் மனைவி போனில் அழுதது ஸ்டெல்லாவிடம். சுதர்சன் அடக்க ஆராதனையை அரை மணி நேரத்தில் வாசித்து முடித்தார், இவள் எழுதி முடித்தாள். இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நாலு பேர் பெட்டியை இறக்க, ஸ்டெல்லா மேலே நின்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முதல் பிடி மண்ணைப் போட்டாள். அந்த ஒரு மாதத்தில் அப்படிப் பதினோரு பேரை அடக்கம் செய்தாள். அவர்களில் அவள் அம்மா அன்னபாக்கியமும் ஒருத்தி.

கோயில் திறந்ததும் சபைக் கமிட்டி கூடியது. செயலாளர் தனசிங். என் வீட்டுக்காரருக்குச் சித்தி மகன், எனக்குக் கொழுந்தன், ஸ்டெல்லாவுக்குச் சித்தப்பா முறை. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் படித்து வளர்ந்து, வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். "அவசரத்துக்குச் செஞ்சது சரி. ஆனா குருப்பட்டம் பெறாத பொம்பள சொன்னது அடக்க ஆராதனை ஆவாது" என்று அவர் சொன்னார். அதைக் கேட்டு மூன்று வீட்டார், சுகமாகி வந்த ஐயரைக் கூட்டிப்போய்க் கல்லறையில் மறுபடி சொல்ல வைத்தார்கள். ஸ்டெல்லா தோட்டத்துக் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கூட நின்றேன். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"எங்க அம்மாவுக்கும் நான்தானே சொன்னேன் பெரியம்மா. அப்ப எங்க அம்மா அடக்கமும் செல்லாதா?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி. நான் சொன்னது செல்லாதுன்னா, செல்லுற மாதிரி சொல்லப் படிச்சிட்டு வாரேன்" என்றாள்.

ஐயராகப் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு டிகிரி வேண்டும். நாற்பத்தொரு வயதில் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தாள். பரீட்சை ஹாலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்களாம். "உக்காருங்க, நானும் எழுத வந்தவதான்" என்றாளாம். மூன்று வருடத்தில் முடித்தாள். அடுத்தது இறையியல் கல்லூரி. அதற்குச் சபைக் கமிட்டி கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம் வேண்டும். சேருகிற ஆளுக்கு ஜூலை ஒன்றாம் தேதி நாற்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. ஸ்டெல்லாவுக்கு ஜூலை பன்னிரண்டில் முடிகிறது. போன வருடம் விட்டால் பிறகு எந்த வருடமும் இல்லை.

ஏப்ரலில் கமிட்டி முன்னால் போய் நின்றாள். நான் துணைக்குப் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்குக் கதவைத் திறந்து போட்டிருந்ததால் உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

தனசிங் சிரித்தார். "ஐயரம்மா ஆவணும்னா இருவது வருசத்துக்கு முந்தியே ஒரு ஐயரைல்லா கட்டியிருக்கணும். கம்பெனிக்காரரைக் கட்டிட்டு இப்ப வந்து நிக்கியே."

ஐயர் பெண்டாட்டியைத்தான் நாங்கள் ஐயரம்மா என்போம். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயரம்மா ஆக வரல சித்தப்பா. ஐயராக வந்திருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா.

சிரிப்பு நின்றது. பெண்கள் ஐயராகலாம் என்று சபைச் சட்டம் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அதனால் பெண் என்று சொல்லித் தள்ள முடியாது. புருஷனைப் பற்றிக் கேட்டார்கள். சுதர்சன் தன் கைப்பட எழுதித் தந்த சம்மதக் கடிதத்தை நீட்டினாள். கடைசியில் தனசிங் வேறு பக்கமாக வந்தார். "தமிழ்ச் சபைக்குத் தமிழ் எழுத்து தெரியாத ஐயரா? வார மாசம் ரெண்டாம் ஞாயித்துக்கிழமை, முதல் பாடத்தைப் பெரிய வேதப்புத்தகத்துல நீ வாசி. வாசிச்சிட்டா எல்லாரும் கையெழுத்துப் போடுதோம்." கமிட்டி அதைத் தீர்மானமாகவே எழுதிக்கொண்டது.

அடுத்த நாள் ஐயர் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் யாரையும் பகைக்கப் பயப்படுகிறவர். "உனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச பகுதியையே அன்னிக்குப் பாடமாப் போட்டுர்றேம்மா. புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொல்லிரு. யாருக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுமே ஐயரே. முதல் நாளே அப்படி ஏமாத்திட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுப் பிரசங்கம் பண்ணுறது?"

ஹம்ஸினி கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை. சோபாவில் சாய்ந்தபடியே, "கைக்கு மம்மி, எதுக்கு இத்தனா டென்ஷன்? ஒரு மாசம் இருக்கே. லெட்டர்ஸ் கத்துக்கோ" என்றாள்.

"கத்துக்கிட்டுத்தான்டி இருக்கேன். நாப்பத்தஞ்சு வயசுல எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்குற வரைக்கும் சவப்பெட்டி காத்துட்டு இருக்குமா? எனக்குத் தெரிஞ்ச எழுத்து இந்தத் தெலுங்குதான். இதுல நான் வேகமா வாசிப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. வேடிக்கை பார்க்கவே வந்தவர்கள் உண்டு. சுதர்சனும் கடைசி பெஞ்சில் விபூதியோடு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் பாடம் என்று ஐயர் சொன்னதும் ஸ்டெல்லா எழுந்து போனாள். பெரிய வேதப்புத்தகம் திறந்திருந்தது. அதன் மேல் தன் நீள நோட்டை வைத்தாள். பிறகு அதையே கையில் தூக்கி, சபைக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

"இது தெலுங்கு எழுத்து. வார்த்தை எல்லாம் தமிழ். ஒண்ணையும் நான் மாத்தல. எங்க வீட்டுக்காரர் வாசிச்சாரு, நான் எழுதினேன். மறைச்சு வச்சு வாசிக்க இஷ்டமில்ல."

வாசித்தாள். எங்கேயும் தடங்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பின் பெஞ்சுப் பிள்ளைகள்கூடப் போனை மடியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

தனசிங் எழுந்தார். "ஐயரே, இது செல்லாது. புத்தகத்துல வாசிக்கணும்னுதான் தீர்மானம்."

செல்லாது என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்டெல்லாவுக்குக் காதெல்லாம் சிவந்துபோனது.

"புத்தகத்துல வாசிக்கத் தெரியாதுன்னுதான சித்தப்பா சொல்லுதேன். இங்க வாசிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேரு? கையத் தூக்குங்க. கர்த்தருடைய கோயில், பொய் சொல்லாதீங்க."

ஒரு கையும் எழும்பவில்லை. பிறகு நான் தூக்கினேன். தனசிங் தூக்கினார். வயசானவர்கள் சிலர், சென்னையிலிருந்து புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகள் இரண்டு பேர். பதினாலு பதினைந்து கை இருக்கும். கோயிலில் நூற்று முப்பது பேருக்குக் குறையாது. கடைசி பெஞ்சில் சுதர்சன் பாதி தூக்கிவிட்டு, நம்மைக் கேட்கவில்லையோ என்று இறக்கிக்கொண்டார்.

தனசிங் பக்கத்தில் அவர் மனைவி ஹெப்சிபா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"ஹெப்சி, கையத் தூக்கு" என்றார் அவர் மெதுவாக. முன் பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியாதுல்லா."

"என்ன தெரியாது?"

"வாசிக்க. லாலாகுடாவுல பெறந்தவளுக்கு யாரு சொல்லித் தந்தா?"

"அப்ப முப்பது வருசமா கையில வச்சிருந்தது?"

"நீங்க கல்யாணத்துக்கு வாங்கித் தந்த புஸ்தகம். அதான் வச்சிருந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயர் சட்டென்று பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஸ்டெல்லாவைச் சுற்றிக் கூட்டம். நாற்பது வயசுக்காரர்கள், ஐம்பது வயசுக்காரர்கள். "எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தா." "பாட்டுப்புத்தகமும் இப்படி எழுதியிருக்கியா?" ஹம்ஸினி நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபாவும் வந்தாள். புருஷன் பத்தடி தூரத்தில் நிற்க, "ஸ்டெல்லா, அந்த முதல் நோட்டுல இருந்து எனக்கு வேணும்" என்று சத்தமாகவே கேட்டாள்.

சுதர்சன் என்னிடம் வந்து, "விபூதிக்காரன் படிச்சு, தெலுங்குல எழுதி, தமிழ்க் கோயில்ல வாசிச்சாச்சு. இதைவிட என்ன தேசிய ஒருமைப்பாடு வேணும் மாமி?" என்றார்.

ஆனால் சாயங்காலம் கமிட்டி கூடி, கையெழுத்து இல்லை என்று முடிவு செய்தது. நாலு பேர் வேண்டாம், மூன்று பேர் சரி. தனசிங்குக்கு அவமானம் பொறுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கல்லூரிக்கு விண்ணப்பம் சேர இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் நான் குஷாய்குடாவில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், தெருமுனை வரை சத்தம் கேட்டது.

"அழுவேன்னு பாக்க வந்தியளா பெரியம்மா?"

"நீ அழமாட்ட. பாத்திரம்தான் பாவம்" என்றேன்.

கையைத் துடைத்தாள். "வாங்க, ஒரு இடத்துக்குப் போவோம்" என்றாள்.

அவள் வீட்டுத் தெருக்கோடியில் சிமெண்ட் ஷீட் போட்ட சின்னத் தெலுங்குச் சபை. நாற்பது குடும்பம் இருந்தால் அதிகம். புதன்கிழமை ஜெபத்துக்கு வருடக்கணக்காக அங்கே போய்க்கொண்டிருந்தாள், அவர்கள் வீட்டு நோயாளிகளையும் பார்ப்பாள். போதகர் விஸ்வநாத், அவளைவிட இளையவர். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, தெலுங்கு வேதப்புத்தகத்தை அவளிடம் தள்ளினார். ஒரு பக்கம் வாசித்தாள். அவர் தலையாட்டிவிட்டு, "எங்க கமிட்டி கையெழுத்துப் போடும் அக்கா. ஆனா ஒண்ணு. நாங்க அனுப்பினா, படிச்சிட்டு நீங்க எங்க சபைக்குத்தான் ஊழியம் செய்யணும். தமிழ்க் கோயிலுக்குத் திரும்பிப் போக முடியாது" என்று தெலுங்கில் சொன்னார். அந்த அளவு தெலுங்கு எனக்கும் தெரியும்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பெயர் வைத்த கோயில், அவள் அம்மா உட்கார்ந்த பெஞ்சு, எல்லாம் அங்கேதான். போ என்றோ இரு என்றோ சொல்ல எனக்கு என்ன உரிமை?

"சரி" என்றாள். அந்த வாரமே கையெழுத்தானது, கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் தனசிங் அவள் வீட்டுக்கு வந்தார். ஹெப்சிபா ஒன்பது நாளாக அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நானும் அங்கே இருந்தேன். தனசிங் கவரை நீட்டினார். கமிட்டி மறுபடி கூடியதாம், ஏழு பேர் கையெழுத்தும் இருந்தது.

"சித்தப்பா மேல கோவம் வேண்டாம்ளா. நீ நம்ம பிள்ள. தெலுங்குச் சபைக் காயிதத்தைத் திரும்ப வாங்கிட்டு இதைக் குடு."

ஸ்டெல்லா கடிதத்தைப் பிரித்து, ஏழு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கவரிலேயே போட்டாள்.

"நக்கோ சித்தப்பா, வேண்டாம். அவங்க ஒரே பக்கம் வாசிக்கச் சொன்னாங்க, கையெழுத்துப் போட்டாங்க. அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப இது?"

"நீங்களே வச்சிக்கிடுங்க. இன்னொரு பொம்பள இப்படி வந்து நிப்பா. அப்ப பேரை மட்டும் மாத்திக் குடுங்க. அவளுக்குப் பரீட்சை வைக்காதீங்க."

தனசிங்குக்குக் காப்பி கொடுத்தாள், குடித்தார். "உன் ஆத்தாளும் இப்படித்தான்" என்று எழுந்து போனார். "ஹவ், அப்படித்தான்" என்றாள் ஸ்டெல்லா, அவர் படி இறங்கும்போது.

இப்போது அவள் ஊருக்கு வெளியே இருக்கிற இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வகுப்பில் அவளுக்கு அடுத்த மூத்தவருக்கு வயது முப்பத்தொன்று. வார நாட்களில் ஹாஸ்டலில் இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் குஷாய்குடா வீட்டுக்கு வருகிறாள், ஞாயிறு காலையில் விஸ்வநாத்தின் சபையில் தெலுங்கில் பிரசங்கம் செய்கிறாள்.